மீன் முள்ளும் காது எலும்பும்



எங்கள் மருத்துவமனையைப் பார்வையிட வந்த சபையார் சிலரை ஒருமுறை அறுவை அரங்கின் வாசல்வரை அழைத்துச் சென்றோம். காது அறுவைக்கென்று வைத்திருக்கும் மைக்ரோஸ்கோப்பைக் கண்ட ஒரு பெரியவர், "ஐயா, காதுக்குள்ளே அப்படி என்ன இருக்கிறது, இவ்வளவு பெரிய கருவி வைத்துப் பார்க்க?" என்று கேட்டார். எலும்பு இருக்கிறது என்றோம். காதில் எலும்பா என்று அவர் தம் காது மடலை மடக்கிப் பார்த்துக்கொண்டார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு அன்று நின்றபடியே சொன்ன பதில் எங்களுக்குத் திருப்தி தரவில்லை. ஆகவே இந்த இதழின் பாடத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பெரிய எலும்புகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். தொடை எலும்பு முறிந்தால் ஊரே கூடிவிடும். சிறிய எலும்புகளும், எலும்பு என்றே சொல்ல முடியாத சில கெட்டியான துணுக்குகளும் நம் சரீரத்திலும் மற்ற உயிரினங்களிலும் உண்டு. அவற்றை யாரும் நினைப்பதில்லை. நினைக்க வைக்கும்போது பெரும்பாலும் ஏதோ ஒரு தொல்லையோடுதான் நினைக்க வைக்கின்றன.

முதலில் சமையலறையிலிருந்தே தொடங்குவோம். அதோடு எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியம்மா இரவு நேரத்தில் வந்தார்கள். கெண்டை மீன் குழம்பு சாப்பிடும்போது தொண்டையில் முள் குத்திக்கொண்டது. வீட்டில் வழக்கம்போல் வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு வாழைப்பழம். இரண்டுக்கும் போகவில்லை. பணியிலிருந்த எங்கள் மருத்துவர் விளக்கு வைத்து வாயைப் பார்த்தார், ஒன்றும் தென்படவில்லை. கழுத்துக்கு எக்ஸ்-ரே எடுத்தார். அதில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது. வயதானவர்களுக்குக் குரல்வளைக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிந்து எலும்பாகவே மாறிவிடுவது உண்டு. அந்தக் கோடு அதுதான் என்று முடிவு செய்து, முள் இறங்கிவிட்டது, கீறல்தான் வலிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் காய்ச்சலோடும் வீங்கிய கழுத்தோடும் பாட்டியம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. மயக்க மருந்து கொடுத்து உணவுக்குழாயின் மேல் முனையிலிருந்து முள்ளை எடுத்து, சீழையும் வெளியேற்றினோம். பதினொரு நாள் வார்டில் இருந்தார்கள். வீட்டுக்குப் போகும் நாளில் அந்த மருத்துவரைக் கூப்பிட்டு, "அன்னைக்கே சொன்னேனே தம்பி, குத்துதுன்னு" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். அந்த மருத்துவர் இன்றும் அதை மறக்கவில்லை.

குருத்தெலும்பு வயதாக ஆக எலும்பாகிறது, எலும்பைப்போல் எக்ஸ்-ரேயில் தெரிகிறது. உண்மையான எலும்பாகிய மீன் முள்ளோ பல சமயம் தெரிவதேயில்லை. கானாங்கெளுத்தி முதலிய சில மீன்களின் முட்கள் எக்ஸ்-ரே படத்தில் அநேகமாக மறைந்துவிடும். ஆகவே இப்பொழுது எங்கள் வழக்கம் இது: படம் என்ன சொன்னாலும், "ஒரே இடத்தில் குத்துகிறது" என்று நோயாளி சொன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்தோ, குழாய்க் கருவியை உள்ளே செலுத்திப் பார்த்தோதான் அனுப்புகிறோம்.

சோற்று உருண்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் இது தலைமுறை தலைமுறையாக வரும் வைத்தியம். சில நேரம் முள் இறங்கிவிடுவதால் அதன்மேல் நம்பிக்கை குறைவதில்லை. ஆனால் இறங்காத முள்ளை அது இன்னும் ஆழமாகத் தள்ளிவிடும். அநேக முட்கள் நாக்கின் அடியிலோ உள்நாக்குச் சதையிலோ மேலாகத்தான் நிற்கும், இடுக்கியால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். உருட்டி விழுங்கிய பிறகு அதே முள் உணவுக்குழாயில் போய் நின்றால் மயக்க மருந்து தேவைப்படுகிறது. முள் சிக்கினால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வாருங்கள். வலி தொடர்ந்தாலும், எச்சில் வடிந்தாலும், காய்ச்சலோ நெஞ்சு வலியோ கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஏன் கெண்டை மீனில் மட்டும் இத்தனை தொல்லை? மீனில் நாம் முள் என்று சொல்வது ஒரே பொருள் அல்ல. நடுமுள் என்பது முதுகெலும்பு. அதிலிருந்து இறங்கும் விலா எலும்புகள் வேறு, துடுப்பைத் தாங்கும் முட்கள் வேறு. இவை தவிர சதைக்குள்ளேயே, எந்த எலும்போடும் மூட்டுப் போடாமல் தனியாகக் கிடக்கும் மெல்லிய முட்கள் உண்டு. மீனின் தசை அடுக்கடுக்காக இருப்பதைச் சமைக்கும்போது பார்த்திருப்பீர்கள். அந்த அடுக்குகளைப் பிரிக்கும் சவ்விலேயே சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் படிந்து இந்த முட்கள் உண்டாகின்றன. நம் கை கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாக உருவாகிப் பின்பு எலும்பாகின்றன. தசை முட்களுக்கு அந்த நடுப்படி கிடையாது. நீந்தும்போது தசை இழுக்கும் விசை வாலுக்குச் சரியாகப் போய்ச் சேர இவை உதவுகின்றன. ரோகு, கட்லா முதலிய கெண்டை இனங்களிலும், மத்தி, உல்லம் சேர்ந்த இனத்திலும் இவை அதிகம். கெண்டை வகைகள் பலவற்றில் ஒரு மீனுக்கு நூறையொட்டி இருக்கும். பலவற்றின் முனை கவட்டைக் குச்சிபோல் இரண்டாகப் பிரிந்திருக்கும். அதனால்தான் தொண்டையில் மாட்டினால் முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது.

ஜிலேபிக் கெண்டை என்று நாம் வாங்குகிற மீனில் இந்தத் தொல்லை இல்லை. பெயரில் கெண்டை இருந்தாலும் அது கெண்டை இனம் அல்ல, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வேறு குடும்பம். சிறு பிள்ளைகளுக்கும் பல் போன பெரியவர்களுக்கும் அதைக் கொடுக்கலாம். சீனாவில் 2023-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் கெண்டை இன மீன்களில் ஒரே ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்து, தசை முள்ளே இல்லாத மீனை உண்டாக்கிக் காட்டினார்கள். விலா எலும்பும் நடுமுள்ளும் அப்படியே இருந்தன. நம் சந்தைக்கு அது வருமா, வந்தால் வாங்குவோமா என்பது வேறு விஷயம்!

சுறாவுக்கு முள் பயமே இல்லை. அதன் உடல் முழுவதும் குருத்தெலும்பு, மேலே மட்டும் சுண்ணாம்புச் சில்லுகள் ஓடு பதித்தாற்போல் பதிந்திருக்கும். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு நம் வீடுகளில் சுறாப்புட்டு செய்வது பால் ஊறும் என்ற நம்பிக்கையால். உதிர்த்தால் முள் இல்லாமல் பூவாக உதிர்கிறது என்பதும் அதில் ஒரு வசதி என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

சவ்விலும் தசைநாரிலும் எலும்பு விளைவது மீனுக்கு மட்டும் உரியதல்ல. கிறிஸ்மஸுக்கு வான்கோழி சமைத்தவர்கள் அதன் காலில் ஊசி ஊசியாக வருவதைக் கவனித்திருப்பார்கள். அவை எலும்பாகிவிட்ட தசைநார்கள். நம் முழங்கால் சில்லும் தொடைத் தசைநாருக்குள் விளைந்த எலும்புதான். இப்படித் தசைநாருக்குள் இருக்கும் எலும்புகளுக்கு மருத்துவ நூல்களில் எள்ளின் கிரேக்கப் பெயரை வைத்திருக்கிறார்கள். பெருவிரலின் அடியில் இருக்கும் இரண்டுக்கு அந்தப் பெயர் பொருந்தும். முழங்கால் சில்லை எள் என்பது கொஞ்சம் அதிகம்தான்.

இனி காதுக்கு வருவோம். இங்கும் மீனே நமக்கு ஆசிரியர்.

கத்தாழை மீனின் தலையை உடைத்தால் இரண்டு வெண்மையான கற்கள் கிடைக்கும். கடற்கரையில் வளர்ந்தவர்கள் சிறு வயதில் அவற்றைச் சேர்த்து விளையாடியிருப்பார்கள். அவை எலும்பல்ல. சுண்ணாம்புக் கற்கள், மீனின் உட்காதில் வளர்பவை. முள்ளுள்ள மீன்கள் எல்லாவற்றுக்கும் இப்படி மூன்று ஜோடி உண்டு. கத்தாழைக்கு அதில் ஒரு ஜோடி மிகப் பெரியதாக இருப்பதால் நம் கண்ணில் படுகிறது. மீன் சாயும்போதும் திரும்பும்போதும், தண்ணீரில் ஒலி வரும்போதும், கனமான கல் சற்றுப் பின்தங்கும். கல்லின் அடியிலுள்ள நுண்மயிர்கள் வளையும். அந்த வளைவை மூளை உணர்ந்து, எது மேல், எது கீழ் என்று மீனுக்குச் சொல்கிறது. மீன் வளர வளரக் கல்லும் அடுக்கடுக்காக வளர்வதால், அதை அறுத்துப் பார்த்தால் மர வளையம்போல் வளையங்கள் தெரியும். 1899-இல் ஜெர்மனியின் ரைபிஷ் என்பவர் இப்படி மீனின் வயதைக் கணக்கிட்டார். நம்முடைய வெப்பக் கடல்களில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை. 1971-இல் பனெல்லா என்பவர் நாளுக்கு ஒன்றாக விழும் மிக நுண்ணிய வளையங்கள் இருப்பதைக் காட்டிய பிறகு, குஞ்சு மீன் எத்தனை நாள் வயதுடையது என்றுகூடச் சொல்ல முடிகிறது.

நமக்கும் இப்படிக் கற்கள் உண்டு! ஒரு பெரிய கல் அல்ல. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே உள்ள ஆயிரக்கணக்கான மணிகள், உட்காதில் பசைபோன்ற ஒரு படுக்கையின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயதாலோ, தலையில் அடிபடுவதாலோ சில மணிகள் கழன்று, பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்களுக்குள் விழுந்துவிடலாம். படுக்கையில் புரண்டாலும், அலமாரியின் மேல்தட்டை அண்ணாந்து பார்த்தாலும் மணிகள் உருளும், குழாயிலுள்ள நீர் அசையும், உலகமே சுழலும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். திரும்பப் புரண்டால் திரும்ப வரும்.

வெளிநோயாளர் பிரிவில் வாரந்தோறும் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கிறோம். பித்தம் தலைக்கேறியது என்று மாதக்கணக்கில் கஷாயம் குடித்தவர்கள், இரத்த சோகை என்று டானிக் வாங்கியவர்கள், பயந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியவர்கள். இதற்கு மாத்திரை வேண்டியதில்லை. நோயாளியைச் சட்டென்று படுக்க வைத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பிக் கண்களைப் பார்த்தால், அவை துடிக்கும் விதத்திலேயே எந்தக் குழாயில் மணி இருக்கிறது என்று தெரியும். 1952-இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் சொல்லிக்கொடுத்த பரிசோதனை இது. பின்பு தலையைப் படிப்படியாகத் திருப்பி, மணிகளை வந்த வழியே உருட்டிவிட வேண்டும். அமெரிக்காவின் ஜான் எப்லி என்ற காது மருத்துவர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது, அவருடைய சக மருத்துவர்களே ஏளனம் செய்தார்கள். தலையை உருட்டித் தலைச்சுற்றலைத் தீர்ப்பதா என்று! அவருடைய விரிவான கட்டுரை 1992-இல்தான் வெளிவந்தது. இன்று உலகெங்கும் அதுவே முதல் சிகிச்சை. ஐந்து நிமிட வேலை, அறுவை இல்லை, மருந்துச் செலவு இல்லை. பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே சுகமாகிவிடும். திரும்ப வந்தால் திரும்பச் செய்யலாம். ஆனால் தலைச்சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, ஒரு கை கால் தளர்ந்தாலோ, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ அது இந்த மணி அல்ல. மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டிருக்கலாம், உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

அந்தப் பெரியவர் கேட்ட எலும்புகளுக்கு இப்பொழுதுதான் வந்து சேர்ந்தோம்.

செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சிறு அறை. அதில் மூன்று எலும்புகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன: சுத்தி, பட்டடை, அங்கவடி. கொல்லன் பட்டறையிலிருந்து இரண்டு பெயர், குதிரைச் சேணத்திலிருந்து ஒன்று. அங்கவடி எலும்பே நம் சரீரத்தில் எல்லாவற்றிலும் சிறியது. உயரம் 3 மில்லிமீட்டரை ஒட்டி, எடை சுமார் 3 மில்லிகிராம். அன்று அந்தப் பெரியவருக்கு, செவிலிய மாணவியருக்குப் பாடம் எடுக்க வைத்திருக்கும் கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்து உருப்பெருக்கியின் அடியில் வைத்துக் காட்டினோம். வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "அங்கவடியேதான்! கால் வைக்கிற வளையம்கூட இருக்கிறதே" என்றார்.

இவற்றின் வேலை என்ன? காற்றில் வரும் ஒலி உட்காதிலுள்ள நீருக்குள் புக வேண்டும். குளத்துக்குள் மூழ்கியிருக்கும்போது கரையில் கூப்பிடுகிறவர் குரல் கேட்பதில்லை அல்லவா? காற்றிலிருந்து நீருக்குப் போகும் ஒலி ஏறக்குறைய முழுவதும் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. அதை ஈடுகட்டத்தான் இந்தச் சங்கிலி. செவிப்பறையின் அதிரும் பரப்பு அங்கவடியின் அடித்தட்டைவிடச் சுமார் 17 மடங்கு பெரியது. பரந்த இடத்தில் விழுந்த விசை முழுவதும் ஒரு சிறு தட்டில் குவிகிறது. அதோடு சுத்தியின் காம்பு பட்டடையின் காம்பைவிடச் சற்று நீளமாதலால் நெம்புகோல்போல் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. மொத்தத்தில் அழுத்தம் ஏறத்தாழ 22 மடங்காகிறது. குழந்தை பிறக்கும்போதே இந்த எலும்புகள் ஏறத்தாழ முழு அளவில் இருக்கின்றன. கையும் காலும் வளரும், இவை வளர்வதில்லை.

கோழிக்கும் பல்லிக்கும் தவளைக்கும் இந்த இடத்தில் ஒரே எலும்புதான், சிறு கம்பிபோல. மூன்றாக இருப்பது பாலூட்டிகளில் மட்டுமே. மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன? 1837-இல் ரைக்கர்ட் என்ற ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் பன்றிக் கருக்களை நாளுக்கு நாளாக ஆராய்ந்தார். சுத்தியும் பட்டடையும் கருவில் தாடையின் ஓரத்தில் உண்டாகின்றன என்று கண்டார். பல்லி, பாம்பு, கோழி ஆகியவற்றுக்கு வாயைத் திறந்து மூடும் கீலாக இருக்கும் அதே இரண்டு எலும்புகள்தாம் நமக்குக் காதில் இருக்கின்றன. கங்காரு இனத்தின் குட்டி பிறக்கும்போது இவை இன்னும் தாடையோடு ஒட்டியே இருக்கும், தாயின் பையில் வளரும்போதுதான் பிரிந்து காதுக்குச் சேர்கின்றன. பாடப் புத்தகத்தில் படித்தபோது நாங்களே நம்பத் தயங்கிய செய்தி இது. கெண்டை மீன் வேறொரு வழி வைத்திருக்கிறது. முதுகெலும்பின் முன்பகுதியிலிருந்து பிரிந்த சிறு எலும்புகளின் சங்கிலி ஒன்று, காற்றுப்பையின் அதிர்வை உட்காதுக்குக் கொண்டுபோகிறது. 1820-இல் வேபர் என்பவர் இதை விவரித்தார். கெண்டையும் கெளுத்தியும் மற்ற பல மீன்களைவிட நன்றாகக் கேட்பது இதனால்தான். தூண்டில் போடுகிறவர்கள் பேசாமல் இருப்பதில் அர்த்தம் உண்டு.

இந்தச் சங்கிலியில் பலவீனமான இடம் பட்டடையின் நீண்ட காம்பு. அதற்கு இரத்த ஓட்டம் மிகவும் குறைவு. காதில் சீழ் வடிந்துகொண்டே இருந்தால் முதலில் அரிக்கப்படுவது அதுதான். அரித்து அற்றுவிட்டால் செவிப்பறை அதிர்ந்தும் பயனில்லை.

நாலாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுவனை அவன் தாயார் அழைத்துவந்தார்கள். இரண்டு வயதிலிருந்தே இரண்டு காதிலும் சீழ். மழைக்காலத்தில் அதிகமாகும், வெயிலில் குறையும், ஆகவே தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டார்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் ஊற்றினார்களாம். பள்ளியில் அவனுக்குக் கடைசி பெஞ்சு. பையன் மந்தம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பவில்லை.

ஓட்டை விழுந்த பறைக்குள் எண்ணெய் ஊற்றினால் அது நேரே நடுச்செவிக்குள் போய்த் தங்கி, கிருமிகள் வளர இடமாகிறது. சீழ் வடியும் காதை உலர்வாக வைத்திருப்பதே முதல் வைத்தியம். சுத்தமான துணியைத் திரியாக முறுக்கி ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும், குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு வைக்க வேண்டும். சொட்டு மருந்து எதுவானாலும் மருத்துவர் பார்த்த பிறகு போதும். இரண்டு வாரத்துக்கு மேல் வடிந்தால் காத்திருக்கக் கூடாது.

ஆறு வாரம் காதை உலர வைத்து, வலது காதில் அறுவை செய்தோம். நெற்றிப்பொட்டின் மேலுள்ள தசையின் உறையிலிருந்து மெல்லிய சவ்வை எடுத்துப் பறையின் ஓட்டையை மூடினோம். பட்டடையின் காம்பு அற்றுப்போயிருந்தது. மீதியிருந்த அவனுடைய பட்டடை எலும்பையே வெளியே எடுத்து, அரைத்து வடிவமைத்து, சுத்திக்கும் அங்கவடிக்கும் நடுவில் பாலமாக வைத்தோம். கையில் பிடிக்க முடியாத அந்தத் துணுக்கில் ஒரு சிறு குழி தோண்ட வேண்டும், அங்கவடியின் தலை அதில் உட்கார வேண்டும். மைக்ரோஸ்கோப் எதற்கு என்ற கேள்விக்கு விடை அந்தக் குழிதான்.

மூன்று மாதம் கழித்துச் செவித்திறன் பரிசோதித்தோம். முழுவதும் வரவில்லை, ஆனால் பின்னால் நின்று சாதாரணக் குரலில் கூப்பிட்டால் திரும்புகிறான். வீட்டில் இரண்டு நாள் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி அழுதானாம், இவ்வளவு சத்தமா என்று. ஆசிரியர் அவனை முன் வரிசைக்கு மாற்றியிருக்கிறார். இடது காதில் இன்னும் சீழ் நிற்கவில்லை. அது காய்ந்தால் பள்ளி விடுமுறையில் வரச் சொல்லியிருக்கிறோம்.